உப்புப் பூத்த சுவர்

சின்னண்ணனிடம் தண்ணீரைப் பற்றி மட்டும் யாரும் வாய் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அன்றைக்குப் பொழுது போச்சு. போர் போடும் ரிக் லாரியில் கிளீனராக ஏறி, ராடு மாட்டி, டிரில்லராகி, கடைசியில் பங்குக்கு ஒரு வண்டியே வாங்கியவர். சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று அவர் துளை போடாத மண் கிடையாது. காலால் ஒரு கல்லைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இங்கே இத்தனை அடியில் ஈரம் வரும் என்று சொல்லிவிடுவார். பாதி பலிக்கும். பலிக்காத பாதியை அவர் மறந்துவிடுவார். அதுதான் அந்த மனுசரின் குணம்.

அந்தக் குணத்தால் அவர் பறிகொடுத்தது தன் பெண்டாட்டி ராமாயியின் மூச்சை. எப்படி என்று சொல்கிறேன். கேட்கிறபோது அவர் மேல் கோபம் வந்தால் வரட்டும். எனக்கும் வந்தது.

திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் மனை வாங்கியதும் முதல் வேலையாகத் தன் ரிக்கையே கொண்டுவந்து நிறுத்தினார். எங்கள் பக்கத்தில் போர் போடுவது ஒரு விசேசம் மாதிரி. பூசை உண்டு, எலுமிச்சம்பழம் உண்டு, கூட்டம் உண்டு. வீட்டுக்காரம்மா மஞ்சள் பூசிய பித்தளைச் சொம்போடு நிற்க வேண்டும். தண்ணீர் பீச்சியடிக்கும்போது முதல் தண்ணீரை அவள்தான் பிடித்துச் சாமி படத்துக்கு முன்னால் வைக்க வேண்டும். ராமாயி புதுப்புடவை கட்டிக்கொண்டு, சொம்பை இடுப்பில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து நின்றாள். கம்ப்ரஸர் கத்தியது, ராடு மேல் ராடாக இறங்கியது, வந்ததெல்லாம் கல்தூசு. வெள்ளையாகப் புகைந்து வந்து அவள் தலையிலும் புருவத்திலும் சொம்பிலும் படிந்தது. ஆயிரம் அடி தாண்டியும் துளி ஈரம் இல்லை. "ஊருக்கெல்லாம் தண்ணி எடுத்துக் குடுக்கறவருக்கு ஊட்டுல தண்ணி இல்லீங்களா?" என்று கூட்டத்தில் யாரோ ஒருவன் கேட்டுச் சிரித்தான். ராமாயி வெறும் சொம்போடு திரும்பினாள்.

சின்னண்ணனுக்கு அந்தச் சிரிப்பு காதிலேயே தங்கிவிட்டது. மறுநாளே போருக்குள் இறக்கியிருந்த கேசிங் பைப்பின் வாயில் இரும்புத் தகடு வைத்து வெல்டிங் அடித்து, மேலே கான்கிரீட் போட்டு மூடினார். அந்த இடம் இனி யார் கண்ணிலும் படக்கூடாது என்று கட்டப்போகும் வீட்டின் வரைபடத்தையே மாற்றச் சொன்னார். சரியாக அதன் மேல் படுக்கையறை வந்தது. மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "தூசு வந்த ஓட்டைக்கு என்னத்துக்கு பயப்படறீங்க? அதுக்குள்ள எலியப் புடிச்சு வுட்டாக்கூட தண்ணி தவிச்சே செத்துரும்" என்றார் சின்னண்ணன். கட்டி முடித்து டைல்ஸ் ஒட்டியதும், அங்கே ஒரு போர் இருக்கிறது என்பதை அவரும் மறந்தார், ஊரும் மறந்தது. மகள் சத்யபிரியா அந்த அறையில்தான் படித்தாள். அவள் ரயில்வேக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு சேலம் சூரமங்கலம் போன பிறகு ராமாயி அங்கே படுக்கத் தொடங்கினாள். பல வருசம் ஒரு குறையும் இல்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும், அந்த ஓட்டை அத்தனை நாளும் சும்மாதான் கிடந்தது.

கொரோனா அடங்கிய கையோடு ஒரு மழை பெய்ததே, மறந்திருக்க மாட்டீர்கள். தலைமுறையாக முள் முளைத்துக் கிடந்த ஏரிகூட நிரம்பி வழிந்து கோடி போனது. கிணறுகள் வாய் வரை வந்தன. கைவிட்ட போர்களில் மோட்டார் இல்லாமலே தண்ணீர் பொங்கி வழிந்தது. ஆட்கள் காட்டுக்குக் காடு ஓடிப் போனில் படம் பிடித்தார்கள். சத்தீஸ்கரில் வண்டிக்குப் பக்கத்தில் கட்டிலில் படுத்துக்கொண்டு சின்னண்ணனும் அந்தப் படங்களைப் பார்த்தார். "அட, அட" என்று வாய்விட்டுச் சந்தோசப்பட்டார். தன் வீட்டுக்குக் கீழே கிடப்பதை மட்டும் அவர் நினைக்கவில்லை. அவர் கணக்கில் அது போரே அல்ல.

அடுத்து வந்த பொங்கலுக்கு வீடு ஒட்டடை அடிக்கையில் ராமாயி பீரோவை நகர்த்தினாள். அதற்குப் பின்னால் சுவரின் அடியில் ஒரு கை அகலத்துக்குச் சாம்பல் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. நடுவில் கடுகு இறைத்த மாதிரி கறுப்புப் புள்ளிகள். நனைந்த சாக்கை மடித்து மூலையில் போட்டு மறந்துபோனால் ஒரு வாடை வருமே, அந்த வாடை. அவள் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. உடனே போன் போட்டாள்.

"ஏனுங்க, பீரோவுக்குப் பின்னால செவுரு ஈரமா இருக்குதுங்க. என்னமோ பூத்தாப்பல இருக்குது."

"அது உப்பு, புள்ள. நம்ம மண்ணு உப்பு மண்ணு. செவுத்துல உப்புப் பூக்காம செம்பருத்தியா பூக்கும்?"

"உப்பா இருந்தா ஏனுங்க வாடை அடிக்குது? கை வெச்சா ஈரம் தெரியுதுங்க."

"அடி ராமாயி, ஆயிரம் அடி எறங்கித் தேடியும் எனக்குக் கெடைக்காத தண்ணி, உனக்குச் செவுத்துலயே கெடைச்சிருச்சா? பூஞ்சை புடிக்கறதெல்லாம் கேரளாவுல, கொல்லிமலையில. நம்மூரு வெயிலுக்கு மனுசனே காஞ்சு போறான், செவுத்துல எங்கிருந்து பூஞ்சை வரும்?" பக்கத்திலிருந்த பையன்கள் சிரித்தார்கள். அவருக்கும் சிரிப்பு வந்தது.

உப்பாகவே இருக்கட்டும் ஐயா. தரைக்குள் கிடக்கிற உப்பு தானாகவா நடந்து வந்து சுவரேறும்? அதைச் சுமந்துகொண்டு வருவது தண்ணீர்தானே? ஊரெல்லாம் தண்ணீருக்கு ஜாதகம் கணிக்கிற மனுசர் இதை ஒரு நிமிசம் யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை.

ராமாயி தனக்குத் தெரிந்ததைச் செய்தாள். தென்னங்குச்சி விளக்குமாற்றால் வறட்டு வறட்டென்று தேய்த்துக் கூட்டினாள். முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு செய்ததால் தூசு உள்ளே போகாது என்று நினைத்தாள். அது கல்தூசு அல்ல, பூஞ்சையின் கண்ணுக்குத் தெரியாத விதை. ஒவ்வொரு இழுப்புக்கும் அறை முழுக்கப் பறந்து மெத்தையிலும் தலையணையிலும் போய் உட்கார்ந்தது என்று அவளுக்கு யார் சொல்வார்கள்? அப்புறம் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றினாள். கண் எரிந்தது, தொண்டை கமறியது, சுவர் பளிச்சென்று ஆனது. மேல்தோல் வெளுத்தது, அவ்வளவுதான். பூச்சுக்குள் இறங்கிய வேர் அப்படியே இருந்தது. ஆடிக்குள் திரும்பவும் வந்தது, இந்தத் தடவை பச்சையாக. "கறுப்பா இருந்தாத்தான் வெசம், பச்சை ஒன்னும் பண்ணாது" என்று பக்கத்துத் தெருவில் ஒருத்தி சொன்னாள். அதை எங்கே படித்தாளோ, யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது. வெள்ளி செவ்வாயில் ராமாயி சாம்பிராணி போட்டாள். புகை போட்ட அன்றைக்கு வாடை அடங்கும். வாடை இல்லையென்றால் அதுவும் இல்லை என்று நம்பிக்கொண்டு ராமாயி நிம்மதியாகப் படுத்தாள்.

ஆடிப்பெருக்குக்கு ஊருக்கு வந்த சின்னண்ணன் பெயிண்டர் பொன்னனைக் கூப்பிட்டார். பொன்னன் சுவரைச் சுரண்டிப் பார்த்தான். "அண்ணா, நம்மகிட்ட இதுக்குன்னே பெயிண்ட் இருக்குதுங்க. பட்டி பாத்து ரெண்டு கோட்டு அடிச்சா, பத்து வருசத்துக்குத் திரும்பிப் பாக்க வேண்டாமுங்க" என்றான். அடித்தான். தைப்பூசம் வருவதற்குள் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி உரிந்தது. அப்போதும் அவருக்குச் சந்தேகம் வந்தது பெயிண்ட் மேல்தான். உரியாத ஒன்றை வைத்து மூடிவிடலாம் என்று அந்தச் சுவர் முழுக்கத் தரையிலிருந்து கூரை வரை பிவிசி பலகை அடிக்கச் சொன்னார். தேக்கு மாதிரி கலர். பார்த்தவர்கள் எல்லாம் ஓட்டல் ரூம் மாதிரி இருக்கிறது என்றார்கள். கையோடு ஏசியும் மாட்டினார். ஏசி போட்டால் ஈரத்தை உறிஞ்சிவிடும், ஜன்னலை மட்டும் திறந்துவிடாதே என்று ராமாயிக்குச் சொன்னார். அன்றையிலிருந்து அந்த அறைக்குள் வெயிலும் போகவில்லை, காற்றும் போகவில்லை.

பலகை அடித்து முடித்த அன்று, வேலை எப்படியிருக்கிறது என்று பார்க்கச் செருப்பில்லாமல் உள்ளே போனார். கட்டிலின் தலைமாட்டுப் பக்கம் ஒரு டைல்ஸ் மேல் கால் பட்டது. மற்ற இடத்தைவிட அங்கே குளிர்ந்திருந்தது. குளிர்ச்சி உள்ளங்காலிலிருந்து முழங்கால் வரை ஏறியது. அந்த இடம் எது என்று அவருக்குத் தெரியும். தகடும் வெல்டிங்கும் கான்கிரீட்டும் ஒரு நொடி கண்முன் வந்து போயின. கூடவே அந்தச் சிரிப்பும் வந்தது. தூசு வந்த போரில் தண்ணீர் வராது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு காலை எடுத்தார். ராமாயி வாசற்படியில் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க?"

"ஒன்னுமில்ல. ஏசி நல்லாக் கூலிங் ஆகுது."

அந்த ஒரு பொய்தான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

இருமல் முதலில் வறட்டு இருமலாகத்தான் வந்தது. காய்ச்சல் இல்லை, சளி இல்லை. துளசியும் மிளகும் போட்டுக் குடித்தாள். அப்புறம் மாடிப்படி ஏறினால் நடுவில் நின்றாள். அப்புறம் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு நின்றாள். உடம்பு இளைத்தது, ஜாக்கெட் தொளதொளத்தது. மருந்துக்கடையில் டானிக் கொடுத்தார்கள், பக்கத்து ஆஸ்பத்திரியில் வீசிங் என்று உறிஞ்சும் மருந்து கொடுத்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை.

ஆனால் சூரமங்கலம் போனால் கேட்டது. மகள் வீட்டில் ஒரு வாரம் இருந்தால் இருமல் பாதியாகும். இன்னும் கொஞ்சம் இருந்தால் ஜங்ஷன் பக்கம் கடைக்கு நடந்தே போய்வருவாள். ஊருக்குத் திரும்பி அந்த அறையில் படுத்த ரெண்டாம் நாளே நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும். சின்னண்ணன் இதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்வார். "மகளப் பாத்தா நோவு பறந்துருது. என்னையப் பாத்தா ஒட்டிக்குது." ராமாயி சிரிக்கப் பார்த்து இருமுவாள்.

ஒரு தடவை அவள் கேட்டே விட்டாள். "ஏனுங்க, அந்தப் பலகையக் கழட்டி ஒருக்கா பாக்கலாமுங்களா? எனக்கென்னமோ அந்தச் செவுத்துக்குள்ள தண்ணி நிக்கிறாப்பலயே இருக்குதுங்க."

"நானும் அதே ரூம்புலதானே படுக்கறேன்? எனக்கு ஒன்னுமே பண்ணல. செவுரு ஆளுப் பாத்தா புடிக்கும்?"

வருசத்தில் பத்து மாதம் வெளிமாநிலத்தில் வண்டிக்கடியில் படுக்கிறவர் சொன்ன நியாயம் இது. ஒரே காற்று ஒருத்தருக்கு ஒன்றும் செய்யாமல் இன்னொருத்தரைக் கொல்லும் என்பதும் அவருக்குத் தெரியாது. ராமாயி அப்புறம் கேட்கவில்லை.

ஆனால் ஏதோ ஒன்றின் மேல் பழி போட வேண்டுமே. வீட்டுக்கு மேற்கே ஜெகதீஸ்வரனின் கோழிப்பண்ணை இருந்தது. தூரத்துப் பங்காளி, சின்னவயதிலிருந்து பழக்கம். காற்று திரும்பினால் நாற்றம் வரும், ஈ வரும், றெக்கைத் தூசு வரும். அதுதான் அவள் நெஞ்சில் போய் அடைக்கிறது என்று சின்னண்ணன் முடிவு செய்தார். ஒருநாள் பண்ணை வாசலிலேயே போய் நின்று, "எம் பொண்டாட்டியக் கொல்லறதுக்குன்னே கோழி வளக்கறியா?" என்று கத்தினார். ஊர்க்காரர்கள் இழுத்துக்கொண்டு வந்தார்கள். அன்றோடு ரெண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. கோழி நாற்றம் உள்ளே வரக்கூடாது என்று சின்னண்ணன் படுக்கையறை ஜன்னல் இடுக்கில் எல்லாம் டேப் ஒட்டினார். பாசத்தோடுதான் ஒட்டினார், அதுதான் கொடுமை.

இந்த வருசம் ஆவணியில் ஒரு காலை, ராமாயி கட்டிலிலிருந்து எழுந்து கதவு வரைகூட நடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். உதடு நீலம் பாரித்திருந்தது. சின்னண்ணன் அன்றைக்கு ஊரில் இருந்ததால் கார் பிடித்துச் சங்ககிரி வழியாகச் சேலத்துக்கு ஓடினார். ஆஸ்பத்திரியில் நெஞ்சை ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் காட்டி, "நுரையீரல் காய்ஞ்ச தேங்காநார் மாதிரி இறுகிப் போயிருக்குங்க. இறுகின பாகம் இனிமே திரும்பாது. மிச்சத்தைக் காப்பாத்தப் பாக்கலாம்" என்றார். ஏதோ ஒன்றை அவங்க வருசக்கணக்காகச் சுவாசிச்சிட்டிருக்காங்க, வீட்டில் கோழி, புறா, தூசு என்ன இருக்கிறது என்று கேட்டார்.

"கோழிதானுங்க. பக்கத்துல பண்ணை" என்றார் சின்னண்ணன். நம்பித்தான் சொன்னார். சத்யபிரியா, "அம்மாவ இனி அந்த ஊட்டுக்கு அனுப்ப மாட்டேன்" என்று அழுதாள்.

புடவையும் போர்வையும் எடுத்துவர அவர் மட்டும் ஊர் திரும்பினார். கதவைத் திறக்கையில் பின்னால் வண்டி நிற்கும் சத்தம். ஜெகதீஸ்வரன். அன்றைக்கு அத்தனை ஏச்சு வாங்கிக்கொண்ட மனுசன், கேள்விப்பட்டதும் வந்துவிட்டான். "அண்ணா, அக்காளுக்கு எப்படி இருக்குதுங்க?" என்று கேட்டுக்கொண்டே கூடவே உள்ளே வந்தான். சின்னண்ணன் படுக்கையறைக் கதவைத் தள்ளினார். ஜெகதீஸ்வரன் நிலையிலேயே நின்றுவிட்டான். மூக்கை ரெண்டு தடவை உறிஞ்சினான்.

"அண்ணா, இங்கயா அக்கா படுத்துட்டிருந்தாங்க?"

"ஏன்?"

"இந்த வாசம் எனக்குத் தெரியுமுங்க. மக்காச்சோளம் குடோன்ல எப்பவாச்சும் வரும். வந்துச்சுன்னா மூட்டையப் பிரிக்கவே மாட்டோம், அப்படியே குழிவெட்டிப் பொதைச்சிருவோம். பூஞ்சைங்க. கோழிக்குப் போட்டா கொத்துக் கொத்தா சாகும். நாங்க மூட்டையச் செவுத்துல ஒட்டக்கூட வெக்க மாட்டோம், கட்டை போட்டுத் தள்ளித்தான் அடுக்குவோம்." அவன் கோபமாகச் சொல்லவில்லை. கண் கலங்கிச் சொன்னான். "கோழிக்கே ஆகாததுங்கண்ணா."

சின்னண்ணன் வெளியே போய்க் கடப்பாரையை எடுத்துவந்தார். பலகையின் ஓரத்தில் கொடுத்து நெம்பினார். முதல் பலகை விழுந்ததும் ரெண்டு பேரும் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் வந்தார்கள். சுவர் என்று ஒன்று அங்கே இல்லை. தரையிலிருந்து ஆள் உயரத்துக்கு மேலே வரை கறுப்பும் பச்சையும் மஞ்சளுமாக மயிர் அடர்ந்து கிடந்தது. அது ஈரத்தில் மினுங்கியது. கட்டிலின் தலைமாடு அதைத் தொட்டுக்கொண்டு இருந்தது. ராமாயியின் தலையணை இருந்த உயரத்தில் அது மிகவும் தடித்திருந்தது.

"மேல கொறைஞ்சு கீழ சேந்திருக்குது பாருங்க. ஈரம் தரையிலிருந்துதான் ஏறுது" என்றான் ஜெகதீஸ்வரன். "அண்ணா, இதுக்குக் கீழ என்னங்க இருக்குது?"

கீழே என்ன இருக்கிறது என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் உலகத்தில் யாரும் இல்லை. கட்டிலை இழுத்துத் தள்ளினார். அன்றைக்குக் காலில் குளிர்ந்த அதே டைல்ஸில் கடப்பாரையை இறக்கினார். டைல்ஸ் உடைந்தது, அதற்கடியில் சிமெண்ட் மண்ணைப்போல் உதிர்ந்தது. தகடு துருப்பிடித்து அப்பளமாகியிருந்தது, ஒரு குத்தில் உள்ளே போனது. அதைக் கையால் பிய்த்து எடுத்துவிட்டு மண்டியிட்டுக் குனிந்தார். கேசிங் பைப்புக்குள் அவர் முகம் தெரிந்தது. அசைந்தது.

கையை விட்டார். முழங்கை உள்ளே போகும் முன்பே தண்ணீர் தட்டியது.

ஆயுசு முழுக்க எந்த ஊரில் தண்ணீர் வந்தாலும் அவர் முதலில் செய்வது ஒன்றுதான், ரெண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிடுவார். பழக்கத்தில் அவர் கை ரெண்டும் மேலே போனது. பாதியில் நின்றது. அந்தக் கையாலேயே தலையில் அடித்துக்கொண்டு, "அவ சொன்னாளே, அவ சொல்லிட்டே இருந்தாளே" என்று தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். ஜெகதீஸ்வரன் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

விசயம் ஒரு மணி நேரத்தில் ஊருக்குத் தெரிந்துபோனது. ஆட்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் விரலை நனைத்து நாக்கில் வைத்து, "தேனாட்டம் தண்ணி சின்னண்ணா. மோட்டார் எறக்குனா நாலு ஊட்டுக்குப் பாயும்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். சின்னண்ணன் அவரை அடிக்கப் போனார், பிடித்து நிறுத்தினார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து ராமாயியை மகள் வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகுதான் அவர் சூரமங்கலம் போனார். சத்யபிரியா கதவைப் பாதி திறந்து நின்றாள். "அப்பா, உள்ள வராதீங்க. அந்த ஊட்டுத் துணியோட வராதீங்க. பின்னால போய்க் குளிச்சிட்டு அவரு சட்டையப் போட்டுக்கங்க. பையையும் வெளியவே வெச்சிருங்க. அந்த ஊட்டுச் சாமான் ஒன்னுகூட இங்க வரக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க." குளித்து, மருமகனின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஈரத்தலையோடு உள்ளே போனார்.

ராமாயி சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மூக்கில் குழாய் செருகியிருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மிஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் எங்கோ ரயில் போனது. அவள் ரொம்பச் சிறுத்துப் போயிருந்தாள்.

"ராமாயி" என்றார். "நீ சொன்னதுதான் நெசம். செவுத்துக்குக் கீழ தண்ணிதான்."

"நம்ம போருங்களா?"

"ஆமா."

"எத்தனை அடியில?"

இந்தக் கேள்வியை அவர் வாழ்க்கையில் எத்தனை ஆயிரம் பேர் கேட்டிருப்பார்கள். ஒருத்தருக்குக்கூட அவர் இப்படித் தலை குனிந்து பதில் சொன்னதில்லை. "கையெட்டற தூரம்" என்றார்.

ராமாயி கண்ணை மூடி மூச்சை இழுத்துக்கொண்டாள். ஒரு வாக்கியத்துக்கு ரெண்டு மூச்சு வேண்டியிருந்தது அவளுக்கு. "அந்தப் பித்தளைச் சொம்பு... அடுப்படியில மேல் தட்டுல இருக்குதுங்க. அதுல மொண்டாந்தீங்களா?"

"இல்ல புள்ள."

"ஏனுங்க? அன்னைக்கு வெறுஞ்சொம்போட திரும்புனேன்..."

"அந்த ஊட்டுச் சாமான் எதும் இங்க வரக் கூடாதுன்னு பாப்பா சொல்லிருச்சு."

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க வெகுநேரம் ஆனது. சத்யபிரியா ஓடிவந்து முதுகைத் தடவினாள். அடங்கியதும் ராமாயி மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டு, தன் நெஞ்சின் மேல் கையை வைத்தாள், அன்றைக்குச் சுவரில் வைத்துப் பார்த்த மாதிரியே.

"அப்ப இது என்னத்துலங்க சேத்தி?" என்று கேட்டாள். "இதுவும் அந்த ஊட்டுச் சாமான்தானுங்களே."

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.